முன்தட்டில் வைத்த ஹோஸ்

றப்பருக்கு வெயில் ஆகாது. இதில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. முற்றத்தில் மறந்துவிட்ட செருப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர் எவருக்கும் தெரியும். தெரிந்தபடி நடக்கிறவர்கள்தான் குறைவு. ஹைட்ராலிக் ஹோஸ் விற்கிற கடைகளிலேயே குறைவு.

என் பெயர் அம்பலவாணன். வயது ஐம்பத்தொன்பது. லண்டன் எட்மண்டனில், கிருஷ்ணராசா அண்ணையின் ஹோஸ் கடையில் பத்தொன்பது வருடம் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தேன். மண் தோண்டுகிற மெஷின், குப்பை லொறி, ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் எண்ணெயின் அழுத்தத்தில்தான் பாரம் தூக்குகின்றன. அந்த எண்ணெயைக் கொண்டுபோகிற றப்பர்க் குழாய்தான் ஹோஸ். பிரியந்தனின் வலது கை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்கப்பட்டதற்குக் காரணம் என்ன என்று, வேலையிட விபத்துகளை விசாரிக்கிற நீங்கள் என்னை இரண்டு தரம் விசாரித்தீர்கள். இரண்டு தரமும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். இன்றைக்குக் கேட்காததையும் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதுதான் எனக்கு வசதி. மொழிபெயர்க்க வருகிற சாருஜா கெட்டிக்காரப் பிள்ளை, ஒரு சொல்லும் தவறாமல் உங்களுக்குச் சொல்லுவாள்.

ஸ்டோரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நான் பொறுப்பெடுத்தபோது அது ஒரு குப்பைக்கிடங்கு. ஹோஸ்களை ஆணியில் கொழுவி வைத்திருந்தார்கள். ஆணியில் கொழுவினால் தொங்குகிற இடத்தில் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் உள்ளே இருக்கிற கம்பிப் பின்னல் நொந்துபோகும். நான் எல்லாவற்றையும் இறக்கி, பெரிய வட்டமாகத் தளரச் சுற்றி, தட்டுகளில் படுக்க வைத்தேன். ஒன்றின் மேல் ஒன்று நாலுக்கு மேல் இல்லை. இருந்த ஒரு ஜன்னலுக்குக் கறுப்பு மட்டை ஒட்டினேன். காற்று அமுக்குகிற கொம்பிறசர் உள்ளே இருந்தது. அதன் மோட்டாரில் பொறி பறக்கும்போது கெட்ட காற்று ஒன்று உண்டாகும், அது றப்பரை வெடிக்கப்பண்ணும். ஆறு மாதம் சண்டை பிடித்து அதை வெளியில் வைப்பித்தேன். ஹோஸ்களின் இரண்டு வாயையும் மூடி போட்டு அடைத்தேன். ஒவ்வொன்றிலும் செய்த ஆண்டு அச்சடித்திருக்கும். பழையது முன்தட்டில், புதியது பின்தட்டில். முன்னால் இருப்பதை முதலில் எடுக்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் என் ஸ்டோரிலிருந்து போன ஒரு ஹோஸும் திரும்பி வந்ததில்லை. என் மனைவி கலாவதி, பிள்ளைகளைக்கூட நான் இவ்வளவு பக்குவமாக வைத்திருக்கவில்லை என்று பகிடியாகச் சொல்லுவாள். அது உண்மைதான்.

பிரியந்தன் கலாவதியின் தங்கையின் மகன். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவன். முப்பத்திரண்டு வயது. லண்டனுக்கு வந்த புதிதில் வேலை கேட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். அவனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கிருஷ்ணராசா அண்ணைக்கு அறிமுகம் செய்ததும் நான்தான். கையும் வாயும் சுறுசுறுப்பு. வான் வண்டியை எடுத்துக்கொண்டு போய், மெஷின் நிற்கிற இடத்திலேயே ஹோஸை வெட்டி, முனைகளுக்கு இரும்புப் பூண் போட்டு அமத்தி, பூட்டிவிட்டு வந்துவிடுவான். மற்றவர்கள் இரண்டு மணித்தியாலம் எடுக்கிற வேலை அவனுக்கு நாற்பது நிமிடம். எல்லோருக்கும் அவனைப் பிடித்தது. எனக்கும் பிடித்தது என்பதை நான் எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் இதைப் பகை என்று நினைத்துவிடுவீர்கள்.

அவனிடம் மூன்று பழக்கங்கள் இருந்தன. ஹோஸின் முதுகில் நீளத்துக்கு ஒரு எழுத்து வரி அச்சடித்திருக்கும். பூட்டிய பிறகு அந்த வரி நேராக ஓட வேண்டும். சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுகியிருக்கிறது என்று அர்த்தம், அதன் ஆயுள் பாதி போயிற்று. அவன் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. அழுத்தம் ஏறும்போது ஹோஸ் நீளத்தில் கொஞ்சம் கட்டையாகும், அதற்குத் தளர்வு விட வேண்டும். அவன் இழுத்துப் பூட்டுவான், அப்படிப் பூட்டினால் பார்க்க வடிவாக இருக்கிறதாம். மூன்றாவதுதான் பெரிய பழக்கம். பூட்டி முடித்து மெஷினை ஓடவிட்டு, எங்கேயாவது கசிகிறதா என்று ஹோஸின் மேலே வெறுங்கையை ஓட்டிப் பார்ப்பான்.

அதைச் செய்யவே கூடாது. ஊசித் துவாரத்தால் வருகிற எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியில் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். நோவும் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். ஆறு மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரியில் வெட்டித் திறந்து கழுவாவிட்டால் விரல் போகும், கை போகும், சில வேளை ஆளே போகும். ஒரு காட்போட் மட்டைத் துண்டை ஹோஸின் ஓரமாகப் பிடித்துப் பார்ப்பதுதான் முறை. எண்ணெய் பட்டால் மட்டை நனையும். இதையெல்லாம் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி ஸ்டோர்ச் சுவரில் நான்தான் ஒட்டி வைத்தேன்.

"மட்டைக்கு என்ன தெரியும் பெரியப்பா? கைக்குத்தான் தெரியும்," என்பான் பிரியந்தன்.

எத்தனை தரம் சொன்னேன் என்று கணக்கில்லை. அவன் சிரிப்பான், தலையாட்டுவான், பிறகு தன்பாட்டுக்குச் செய்வான். ஒரு ஜூன் மாதம், கடையில் வேலை செய்கிற எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறபோது, எண்ணெய் படிந்த சப்பாத்தோடு ஸ்டோருக்குள் வராதே என்று அவனுக்குச் சொன்னேன்.

"இது ஹோஸ் கடையோ, கோயிலோ? இனி முழுகிப்போட்டுத்தான் உள்ளுக்கு வரவேணும் போல," என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள். கிருஷ்ணராசா அண்ணை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பகிடிதானே. ஆனால் எனக்குள் அன்றைக்கு ஒன்று அறுந்துபோயிற்று. இவனுக்கு ஒரு நாள் பட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். அதை எல்லோரும்தான் பிள்ளைகளைப் பற்றி நினைக்கிறோம், சொல்லுகிறோம். நான் அதோடு நிற்கவில்லை.

அந்த வார இறுதியில் ஒரு ஹோஸை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீடு ஃபாரஸ்ட் கேட்டில். பின்வளவில் தெற்குப் பக்கம் ஜன்னல் வைத்த ஒரு ஷெட் இருக்கிறது. அந்த ஜன்னலின் நேரே ஆணி அடித்து ஹோஸை மடித்துக் கொழுவினேன். பக்கத்தில் பழைய ஃப்ரிஜ் ஒன்றின் மோட்டாரை ஓடவிட்டேன். வாயை மூடவில்லை. வாரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் தெளித்தேன். நான் ஸ்டோரில் செய்வது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன், அவ்வளவுதான். ஒரு ஹோஸைக் காப்பாற்ற எவ்வளவு பொறுமை வேண்டுமோ அவ்வளவு பொறுமை அதைக் கெடுக்கவும் வேண்டும். பதினாறு மாதம் எடுத்தது. கலாவதி அங்கே வடகம் காயவைக்க வந்தவள், "ஏனப்பா இதை வெயில்ல தூக்கி வைச்சிருக்கிறியள்? மற்றாக்களை ஏசுவியள்," என்றாள். பரிசோதனை என்றேன். லண்டன் வெயிலில் அவளுடைய வடகம் சரியாகக் காய்ந்ததே இல்லை. றப்பர் நன்றாகக் காய்ந்தது.

நடுவில் இன்னொரு விஷயம் நடந்தது. அடுத்த வசந்த காலத்தில் கிருஷ்ணராசா அண்ணை என்னைக் கூப்பிட்டு, ஸ்டோரின் முன்சுவரை உடைத்துப் பெரிய கண்ணாடி வைக்கப்போகிறோம் என்றார். ஹோஸ்களைச் சுவரில் கொக்கி போட்டு நிறம் நிறமாகத் தொங்கவிட்டால் வாடிக்கையாளர் வெளியிலிருந்தே பார்ப்பார்களாம். பிரியந்தனின் யோசனை.

"அண்ணை, றப்பர் பழுதாப்போகும்," என்றேன்.

"அம்பலம், இப்ப ஆர் ஒரு ஹோஸை ரெண்டு வருசம் வைச்சிருக்கிறது? நேற்று வந்தது நாளைக்குப் போயிடும். நீர் கவுண்டருக்கு வாரும். சனத்தோட கதைச்சுக்கொண்டிருக்கலாம்," என்றார்.

பிரியந்தனும் பக்கத்தில் நின்றான். "உங்களுக்கும் கொஞ்சம் வெளிச்சம் வேணும் பெரியப்பா. இருட்டுக்குள்ள இருந்து வெளிறிப் போனியள்," என்றான். அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். எனக்குத் தெரியும். கிறிஸ்மஸ் கழிந்ததும் சுவர் உடைப்பதாக முடிவு. இந்தச் சுவருக்காகத்தான் நான் அதைச் செய்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான், கேட்கிறவர்களுக்கு விளங்கும். ஆனால் ஹோஸை நான் கொழுவியது அதற்குப் பத்து மாதம் முந்தி.

நீங்கள் என்னை யோசனையில்லாதவன் என்று நினைக்கக் கூடாது. கெட்ட ஹோஸ் ஒன்று வெளியில் போனால் யாருக்கு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. குப்பை லொறி நிற்கிற தெருவில் ஒரு தாய் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போவாள். அப்படி ஒன்று நடந்தால் என்னால் தாங்க முடியாது. அதனால் அது எங்கள் யார்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று தீர்மானித்தேன். எங்கள் சொந்த ஃபோர்க்லிஃப்ட்டின் தூக்கு ஹோஸ் அந்த ஒக்டோபரில் கசியத் தொடங்கியிருந்தது. அதை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றுகிறவன் பிரியந்தன்.

ஹோஸை மூன்று துண்டாக வெட்டினேன். ஒரு சனிக்கிழமை பகல், கடையில் தனியாக நின்று, இரண்டு துண்டுகளைப் பரிசோதனை மெஷினில் போட்டு அழுத்தம் ஏற்றிப் பார்த்தேன். எண்ணெய் சூடானதும் இரண்டும் மடிப்பு இருந்த இடத்தில் ஊசித் துவாரம் விட்டன. வெடிக்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டியது. மூன்றாவது துண்டுக்குப் பூண் போட்டு அமத்தினேன். மேலே இருந்த வெடிப்புகளுக்கு டயருக்குப் பூசுகிற கறுப்புப் பாலிஷ் இரண்டு கோட் போட்டேன். புதிது போல மினுங்கியது. அதைக் கொண்டுபோய் ஃபோர்க்லிஃப்ட் சாமான் வைக்கிற முன்தட்டில் வைத்தேன். அதில் அச்சடித்திருந்த ஆண்டு மற்றவற்றை விடப் பழையது, ஆகவே ஸ்டோர் ஒழுங்கின்படி அதன் இடமும் முன்தட்டுத்தான்.

சுவரில் இருந்த அட்டையையும் கழற்றினேன். அது உண்மையில் ஊத்தை பிடித்திருந்தது.

அந்த வாரத்தைத் தெரிந்தெடுத்ததும் நான்தான். பிரியந்தனின் மனைவி பிறேமினி, தமக்கையின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு ஜெர்மனி போயிருந்தாள். அவள் கவனமான பிள்ளை, சின்னக் காய்ச்சலுக்கே டொக்டரைத் தேடுகிறவள். அவள் இல்லாத நாட்களில் பிரியந்தன் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் எங்கள் வீட்டுக்கு வருவான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. அவன் ஸ்டோருக்குள் வந்தான், முன்தட்டிலிருந்து ஹோஸை எடுத்தான், போனான். நான் பின்னால் போய் நின்று பார்த்தேன். எழுத்து வரி சுற்றிக்கொண்டு போனது. தளர்வு விடவில்லை. ஃபோர்க்லிஃப்ட்டின் சீட்டில் ஒரு நல்ல மட்டைத் துண்டை நான் முன்கூட்டியே வைத்திருந்தேன். அவன் கைக்கு எட்டுகிற தூரம். அதைக் காட்டி, "மட்டை அங்கை கிடக்கு, தம்பி," என்றும் சொன்னேன். அந்த மட்டையை அவன் எடுத்திருந்தால் ஒன்றும் நடந்திராது, நானும் பேசாமல் போயிருப்பேன். நான் அவனுக்கு ஒரு வழி விட்டிருந்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவன் மட்டையை எடுத்துத் தரையில் விரித்து, அதன் மேல் முழங்காலில் இருந்துகொண்டு, கையை ஓட்டினான்.

பிறகு கையை வெடுக்கென்று இழுத்தான். ஆட்காட்டி விரலின் உட்பக்கம் ஒரு புள்ளி. நுளம்பு கடித்தது போல. இரத்தம்கூட வரவில்லை. அவன் அதை வாயில் வைத்துச் சூப்பிவிட்டு, மெஷினை நிறுத்தினான்.

"பெரியப்பா, எண்ணெய் குத்திப்போட்டுது. நீங்கள் எழுதி ஒட்டின அந்த அட்டையில ஏதோ இருந்ததெல்லே? இது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய சாமானோ?"

அந்த நேரத்தில் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. நான்கு வருடத்தில் முதல் தரமாக அவன் என்னிடம் ஒரு விஷயத்தைக் கேட்டு, பதிலுக்காகக் காத்து நின்றான். எனக்கு அது பெரிய நிறைவாக இருந்தது. அவனுடைய விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சின்னக் காயம்தானே. வீட்டை போய்க் கையைக் கழுவிப்போட்டு, பெரியம்மாட்டைச் சொல்லி மஞ்சள் வைச்சுக் கட்டு," என்றேன்.

அவன் அப்படியே செய்தான். நான் சொன்னதை அவன் சொன்னபடி செய்தது அந்த ஒரு தரம்தான்.

நான் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனபோது கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கியிருந்தது. கலாவதி மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்துச் சூடாக்கி, துணி சுற்றிக் கட்டியிருந்தாள். அவனால் சோறு குழைக்க முடியவில்லை. இடது கையால் சாப்பிட அவனுக்குக் கூச்சம். கலாவதி குழைத்து உருண்டையாக்கி ஊட்டினாள். முப்பத்திரண்டு வயதுப் பெடியன், கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். நான் எதிரில் இருந்து சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. "ஒருக்காப் போன் அடிச்சு ஆரையும் கேப்பமே?" என்று கலாவதி இரண்டு தரம் கேட்டாள். சின்னக் காயத்துக்கு ஆஸ்பத்திரிக்காரரைக் கரைச்சல் படுத்தக் கூடாது, விடியப் பார்ப்போம் என்றேன். அதில் பிழையாக ஒரு சொல்லும் இல்லை. எவரும் சொல்லுகிறதுதான்.

விடிந்தபோது விரல் சாம்பல் நிறம். காய்ச்சலில் அவன் ஜெர்மன் பாஷையில் ஏதோ கதைத்தான். நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் எத்தனை மணித்தியாலம் ஆகிறது என்று கேட்டார். இருபத்திரண்டு என்று சரியாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். முதலில் விரல், பிறகு உள்ளங்கை, நான்காம் நாள் முழங்கைக்கு மேலே. பிறேமினி ஜெர்மனியிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

கண் விழித்ததும் பிரியந்தன் என்னைத்தான் கூப்பிட்டான். "நீங்கள் எத்தனை தரம் சொன்னனீங்கள் பெரியப்பா. நான் கேக்கேல்ல. மட்டையைக்கூட எடுத்து வைச்சனீங்கள்," என்று சொல்லி அழுதான். உங்களிடமும் அவன் அதையே சொல்லியிருக்கிறான், பிழை முழுதும் தன்னுடையது என்று. அவனுடைய தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்த நேரம் எனக்கு வந்தது கவலை இல்லை, சந்தோஷம். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது அதுதான். வீட்டுக்கு வந்து நன்றாக நித்திரை கொண்டேன்.

கலாவதி தன்னுடைய மஞ்சளால்தான் கை போனது என்று நம்புகிறாள். இப்போது எந்தக் கறிக்கும் மஞ்சள் போடுவதில்லை. கறியெல்லாம் வெளிறிப்போய் வருகிறது. சமைக்கும்போதே அழுகிறாள். நான் ஐந்து மாதமாக அதைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். பிள்ளை பிறந்து, அதை ஒற்றைக் கையால் தூக்கத் தெரியாமல் பிரியந்தன் தடுமாறியதைப் பார்த்தேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. கிருஷ்ணராசா அண்ணை கடையை மூடினார். ஸ்டோரில் இருந்த அத்தனை ஹோஸையும் குப்பைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மழை பெய்தது. மூடிகள்கூடக் கழற்றப்படாத ஹோஸ்கள். அதை நான் தெருவில் நின்று பார்த்தேன்.

போன வியாழக்கிழமை உங்கள் அறிக்கை வந்தது. கிருஷ்ணராசா அண்ணை என்னிடம் ஒரு பிரதி தந்தார். நான் அகராதி வைத்துக்கொண்டு முழுவதும் வாசித்தேன். வெறுங்கையால் பார்த்தது பிரியந்தனின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு ஏழாம் பக்கத்தில், ஸ்டோரில் ஹோஸ்கள் நெடுநாள் வெயிலிலும் ஈரத்திலும் முறைகேடாக வைக்கப்பட்டிருந்தன, ஸ்டோர் பொறுப்பாளருக்குப் போதிய பயிற்சி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

ஆகவே எழுதுகிறேன். அந்த ஹோஸை ஷெட்டில் கொழுவியது நான். பதினாறு மாதம் வெயில் காட்டியதும், பாலிஷ் பூசியதும், முன்தட்டில் வைத்ததும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவனை மஞ்சள் கட்ட அனுப்பியதும் நான். ஆணியும் ஃப்ரிஜ் மோட்டாரும் இன்னும் அங்கேயே இருக்கின்றன, வந்து பார்க்கலாம். மற்ற இரண்டு துண்டுகளையும் ஒரு பையில் போட்டு, திகதி எழுதி வைத்திருக்கிறேன். என்னைக் கொண்டுபோய் என்ன செய்வீர்களோ அது உங்கள் வேலை, அதில் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். பிரியந்தனைப் பற்றி எழுதியதை வேண்டுமானால் அப்படியே விடுங்கள். ஏழாம் பக்கத்தை மட்டும் திருத்துங்கள். என்னுடைய ஸ்டோரில் ஒரு ஹோஸும் கெடவில்லை.